வெற்றுக் கோப்பு தந்த பக்கம்

லங்காட் ஆற்றங்கரையில் இருக்கும் டெங்கில், சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த அந்த வட்டாரத்தில் 1990களில் இரண்டு புது நகரங்கள் எழுந்தன. ஆட்சிக்குப் புத்ராஜெயா, கணினிக்குச் சைபர்ஜெயா. பேராங் பெசார் முதலிய தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 1996இல் அறிவிக்கப்பட்ட மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்தின் நடு ஊராகச் சைபர்ஜெயா வளர்ந்தது. நாட்டின் பெரிய தரவு மையங்கள் பல இன்று அங்கே இருக்கின்றன.

டெங்கில் கடைத்தெருவில் நின்று கைப்பேசியில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அகப்பக்கத்தைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தைத் தரும் சர்வர் சில கிலோமீட்டர் தள்ளிச் சைபர்ஜெயாவிலேயே இருக்கலாம். தூரம் அவ்வளவு குறைவாக இருந்தாலும், பக்கம் நம் கைக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. சர்வரில் ஓடும் நிரல், அதன் அமைப்புக் கோப்புகள், நடுவே உள்ள வலையமைப்பு, கடைசியாக நம் கைப்பேசியின் உலாவி ஆகிய நான்கில் எதுவும் பக்கத்தில் எதையாவது சேர்க்க முடியும். வழக்கமான பக்கத்தில் அந்தச் சேர்க்கை கண்ணில் படாது. ஆயிரம் வரிகளுக்கு நடுவே நான்கு வரி கூடினால் யார் எண்ணப் போகிறார்கள்?

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பக்கங்களை உருவாக்கச் சர்வரில் ஓடும் நிரல்மொழிகளில் ஒன்று பி.எச்.பி. ஒன்றுமே எழுதாத ஒரு பி.எச்.பி. கோப்பைச் சர்வரில் வைத்து, அதை உலாவியில் திறக்க வேண்டும். வர வேண்டியது வெறுமை. ஆனால் உலாவியின் ஆய்வுப் பலகத்தைத் திறந்தால், அங்கே எச்.டி.எம்.எல். குறிகள் வரிசையாக நிற்கின்றன. புதிதாக நிரல் எழுத வந்த மாணவர்கள் பலர் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். நான் எழுதாததை எழுதியது யார்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறையைப் பற்றியது.

வெறுமை ஒரு கருவி

ஒன்றும் இல்லாததைச் சோதிப்பது வேதியியலில் பழைய பழக்கம். மாதிரியைச் சேர்க்காமல் சோதனையை முழுமையாக நடத்திப் பார்ப்பார்கள். அப்போதும் முடிவில் ஏதாவது தென்பட்டால், அது மாதிரியிலிருந்து வந்ததாக இருக்க முடியாது; கருவியிலிருந்தோ மருந்துகளிலிருந்தோ வந்திருக்கிறது. இந்தச் சோதனையில் கோட்டை விட்டால் எவ்வளவு கேடு வரும் என்பதற்கு 1859இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு சான்று.

தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற மருத்துவர், இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண்ணை நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அன்று பிரிட்டனில் நஞ்சியல் என்றாலே நினைவுக்கு வந்தவர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர். ஸ்மெத்தர்ஸ்டிடம் கைப்பற்றிய ஒரு குப்பியில் ஆர்செனிக் இருப்பதாக அவர் கண்டார். ரைன்ஷ் சோதனை என்பது அவர் கையாண்ட முறை. அமிலம் கலந்த நீர்மத்தில் செம்புக் கம்பிவலையைப் போட்டுச் சூடாக்கினால், நீர்மத்தில் உள்ள ஆர்செனிக் செம்பின் மேல் சாம்பல் நிறப் படலமாகப் படியும். பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. ஆர்செனிக் குப்பியில் இருந்ததல்ல, டெய்லர் போட்ட செம்பிலேயே மாசாக இருந்தது. அதை டெய்லரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் ஸ்மெத்தர்ஸ்டுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அறிவியல் சான்று குறித்து எழுந்த ஐயங்களுக்குப் பிறகு அவருக்கு மன்னிப்பு கிடைத்தது.

இந்த வழக்கில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தச் செம்பை வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அது கரையாது, உள்ளே இருக்கும் மாசும் வெளியே வராது. குப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது அமிலத்தோடு சேர்ந்து செம்பைக் கரைத்தது, ஆர்செனிக் வெளிப்பட்டது. ஆகவே, வெறுமைச் சோதனை உண்மைச் சோதனை போகும் அதே பாதையில் போக வேண்டும். வேறு பாதையில் போனால் அது பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். சர்வர் முன் உட்காரும்போதும் இந்த விதி நமக்குத் தேவைப்படும்.

உலாவி கட்டும் வீடு

விசாரணையைக் கடைசிக் கையிலிருந்து தொடங்குவோம். வெற்றுக் கோப்பைத் திறந்தபோது ஆய்வுப் பலகத்தில் தெரிந்தவை எச்.டி.எம்.எல்., ஹெட், பாடி என்ற மூன்று குறிகள் மட்டும் என்றால், அவற்றைச் சர்வர் அனுப்பவில்லை. உலாவியே கட்டியது.

பி.எச்.பி. எதையும் எழுதாவிட்டாலும் பதிலின் தலைப்பில் ஒரு வரியைத் தானே சேர்க்கிறது: இது எச்.டி.எம்.எல். வகை ஆவணம். அந்த வரியைப் பார்த்ததும் உலாவி ஆவண மரத்தைக் கட்டத் தொடங்குகிறது. எச்.டி.எம்.எல்., ஹெட், பாடி ஆகிய மூன்று குறிகளையும் எழுதாமல் விடலாம் என்ற சலுகை 1995இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். 2.0 வரையறையிலேயே உண்டு. எழுதாமல் விட்டதை உலாவி ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எப்படி ஊகிப்பது என்பதில் ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் போனது. ஒரே பக்கம் ஓர் உலாவியில் ஒரு மாதிரியும் இன்னோர் உலாவியில் வேறு மாதிரியும் தெரிந்தது. 2004இல் ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூடி ஒரு பணிக்குழுவை அமைத்தார்கள். அந்த முயற்சியிலிருந்து பிறந்த எச்.டி.எம்.எல்.5, பிழையான பக்கத்தையும் எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி படிக்கும்படி படிப்படியான விதிகளை வகுத்தது. அந்த விதிகளின்படி, ஒரு பைட்கூட வராமல் ஆவணம் முடிந்துவிட்டாலும் உலாவி மூன்று குறிகளையும் உண்டாக்கியே தீர வேண்டும்.

ஆகையால் ஆய்வுப் பலகம் காட்டுவது, வந்த பக்கத்தைப் படித்த பிறகு உலாவி கட்டிய மரம். வந்ததை வந்தபடி பார்க்க மூலத்தைக் காட்டும் வசதியை நாட வேண்டும். அங்கே வெறுமை இருந்து ஆய்வுப் பலகத்தில் மூன்று குறிகள் மட்டும் நின்றால், சர்வரில் குறை எதுவும் இல்லை என்று விசாரணையை முடித்துக்கொள்ளலாம்.

ஒரு விலக்கைக் கவனிக்க வேண்டும். நிரல் பாதியில் முறிந்து, 500 என்ற பிழை எண்ணோடு வெற்றுப் பதில் வந்தால், குரோம் போன்ற உலாவிகள் தங்களுடைய சொந்தப் பிழைப் பக்கத்தைக் காட்டுகின்றன. அந்தப் பக்கத்தின் வாசகமும் வடிவமும் சர்வரில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அதனால் பதிலின் உள்ளடக்கத்தைப் பார்க்கும் முன் அதன் நிலை எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழோடு வந்த மூன்று பைட்

கோப்பு உண்மையிலேயே வெற்றுக் கோப்புதானா என்பது அடுத்த கேள்வி. உரைத்திருத்தியில் வெறுமையாகத் தெரியும் கோப்பின் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். அது 3 பைட் என்று காட்டினால், தமிழில் எழுதுவோருக்கு நெருக்கமான ஒரு வரலாற்றுக்குள் நாம் நுழைகிறோம்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் தன் சொந்த அகப்பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளிலிருந்து பிறந்தது பி.எச்.பி. 1995இல் அதைப் பொதுவில் வெளியிட்டார். அதன் அடிப்படை எளியது. கோப்பில் உள்ள எழுத்தெல்லாம் வாசகருக்குப் போக வேண்டியது. திறப்புக் குறிக்கும் மூடல் குறிக்கும் நடுவில் இருப்பது மட்டும் நிரல். ஆகவே திறப்புக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும், மூடல் குறிக்குப் பின்னால் வெற்று வரிகள் இருந்தாலும், அவை அப்படியே வாசகருக்குப் போகும். மூடல் குறியை ஒட்டி வரும் ஒரே ஒரு வரி முறிவை மட்டும் பி.எச்.பி. விழுங்கிவிடும், இரண்டாவதை விழுங்காது. இதனால்தான் நிரல் மட்டுமே உள்ள கோப்பில் மூடல் குறியை எழுத வேண்டாம் என்று பி.எச்.பி. கையேடு அறிவுறுத்துகிறது.

இடைவெளியையாவது தேடினால் கண்டுபிடிக்கலாம். பைட் வரிசைக் குறி கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் 65279 என்ற எண் கொண்ட குறியீடு அது. ஓர் எழுத்தை இரண்டு பைட்டுகளாக எழுதும்போது எந்தப் பைட் முதலில் வருகிறது என்று அறிவிக்க ஏற்பட்டது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யு.டி.எஃப்.-8 முறையில் பைட்டுகளின் வரிசை எப்போதும் ஒன்றுதான் என்பதால் அந்தக் குறிக்கு அங்கே வேலை இல்லை. யூனிகோடு தரமும் அதைக் கேட்கவில்லை, பரிந்துரைக்கவும் இல்லை. என்றாலும் விண்டோஸ் 2000இன் நோட்பேட், கோப்பை யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைக் கோப்பின் தலையில் சொல்லாமல் வைத்தது. இது யு.டி.எஃப்.-8 கோப்பு என்று அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது.

அதே விண்டோஸ் 2000தான் யூனிகோடு தமிழையும் லதா எழுத்துருவையும் கொண்டுவந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய நாட்களில் டிஸ்கி, டாப், யூனிகோடு என்று பல குறியேற்றங்கள் அருகருகே புழங்கின. மெல்ல மெல்ல எல்லாரும் யூனிகோடுக்கு வந்தார்கள். யு.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட் போதும். தமிழில் 'அ' என்ற ஓர் எழுத்துக்கு 224, 174, 133 என்று 3 பைட் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர் நோட்பேடின் இயல்பான பழைய முறையிலேயே சேமித்தார், கோப்பில் எந்தக் குறியும் ஏறவில்லை. தமிழில் ஒரே ஒரு சொல் எழுதியவர்கூட யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். தேர்ந்தெடுத்த உடனே அந்த மூன்று பைட்டும் கூடவே வந்தன. ஆங்கிலப் பாடநூலில் இல்லாத ஒரு பிழை தமிழ்ப் பக்கங்களில் முளைத்ததற்கு இதுவே காரணம். தம் மொழியில் பக்கம் அமைக்க விரும்பிய ஒரே காரணத்துக்காக நம் மாணவர்கள் இந்தப் பிழையைச் சுமந்தார்கள். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் இந்தக் குறியில்லாமல் சேமிப்பதை இயல்பாக்கியது. அதற்கு முன் எழுதிய கோப்புகள் இன்னும் எத்தனையோ சர்வர்களில் இருக்கின்றன.

மூன்று பைட் செய்யும் தொல்லை அதன் அளவுக்கு மிஞ்சியது. பதிலின் தலைப்புகள் உள்ளடக்கத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பது எச்.டி.டி.பி. நெறி. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே மூன்று பைட் வெளியேறிவிட்டால், அதன் பிறகு குக்கி வைக்க முடியாது, வேறு பக்கத்துக்கு அனுப்ப முடியாது. தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று பி.எச்.பி. முறையிடும். பள்ளியின் ஆசிரியர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பார். இன்னொரு சர்வரில் அதே கோப்பு சரியாக ஓடும். பி.எச்.பி.யோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகள் 4096 பைட் வரை வெளியீட்டைத் தேக்கி வைக்கச் சொல்கின்றன. தேக்கம் உள்ள இடத்தில் மூன்று பைட்டும் காத்திருக்கும், தலைப்புகள் முந்திக்கொள்ளும். தேக்கம் இல்லாத இடத்தில் பிழை வெடிக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. கோப்பின் தலையில் உள்ள குறியை உலாவி படிக்கும்போதே நீக்கிவிடுகிறது, அதனால் மூலத்தைப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைச் சேர்த்துக்கொள்ளும்போது, இரண்டாவதன் குறி வெளியீட்டின் நடுவில் விழுகிறது. உலாவி அதை ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. எழுத்து வந்துவிட்டால் பாடி தொடங்கிவிட்டது என்று பொருள். ஹெட் பகுதியில் இருக்க வேண்டியவை பாடிக்குள் சரிந்துவிடும், பக்கத்தின் மேல் விளக்கமில்லாத ஓர் இடைவெளி தோன்றும். குரோமின் ஆய்வுப் பலகத்தில் 65279 என்ற எண் தென்பட்டால் காரணம் இதுதான்.

கோப்பு பூஜ்யம், பதில் பூஜ்யமில்லை

கோப்பின் அளவு 0 பைட். மூலத்தைப் பார்த்தால் அங்கேயும் எச்.டி.எம்.எல். இருக்கிறது. இப்போது உலாவியும் கோப்பும் குற்றமற்றவை. சந்தேகம் சர்வரின் அமைப்பின் மேல் விழுகிறது.

எந்த நிரல் ஓடினாலும் அதற்கு முன்னும் பின்னும் தானாக ஓட வேண்டிய கோப்புகளைக் குறிப்பிட பி.எச்.பி.யில் இரண்டு அமைப்புகள் உண்டு. நல்ல நோக்கத்துக்கு ஏற்பட்டவை அவை. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான தலைப்பகுதியைச் சேர்க்கவோ, வருகையாளரை எண்ணவோ உதவும். இலவசமாக இடம் தரும் சில சேவைகள் தங்கள் விளம்பரத்தையும் எண்ணும் கருவியையும் எல்லாப் பக்கங்களிலும் சேர்த்திருக்கின்றன. சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களும் இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். நூறு கோப்புகளை மாற்றினால் அகப்பட்டுவிடுவோம் என்று, ஒற்றை அமைப்பு வரியை மாற்றித் தங்கள் நிரலை எல்லாப் பக்கங்களுக்கும் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். வெற்றுக் கோப்பு அந்நிய எழுத்தைத் தந்தால் அதை வியப்பாகப் பார்த்துவிட்டு நகரக் கூடாது. அது ஊடுருவலின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

டெய்லரின் செம்பு கற்பித்தது இங்கே கைகொடுக்கும். பலர் சர்வரின் கட்டளை வரியில் அதே கோப்பை ஓட்டிப் பார்க்கிறார்கள். பூஜ்யம் வருகிறது. சர்வர் சுத்தம் என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் கட்டளை வரியில் ஓடும் பி.எச்.பி. பெரும்பாலும் வேறொரு அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. ஒவ்வோர் அடைவிலும் வைக்கக்கூடிய தனி அமைப்புக் கோப்புகளை அது கண்டுகொள்வதே இல்லை. அமிலத்தில் கரையாத செம்பைப் போல, அந்தப் பாதையில் மாசு வெளிவராது. வாசகரின் வேண்டுகோள் எந்தப் பாதையில் வருகிறதோ, அதே பாதையில் வெற்றுக் கோப்பையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பாதைகளின் முடிவும் வேறுபட்டால், அந்த வேறுபாடே குறை எங்கே என்று சொல்லிவிடும்.

வழியில் கலந்தவை

சர்வருக்கு உள்ளேயே இருந்து இணைய வேண்டுகோளாகக் கேட்டாலும் பூஜ்யம் வருகிறது, வீட்டிலிருந்து கேட்டால் பூஜ்யம் இல்லை. அப்படியானால் கலப்பு வழியில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2008இல் இதைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாங்கள் அனுப்பிய பக்கம் மாறாமல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் ஒரு சிறு நிரலை அந்தப் பக்கத்துக்குள்ளேயே வைத்தார்கள். சுமார் 50,000 இணைய முகவரிகளிலிருந்து வந்து பார்த்தவர்களில் 1 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்குப் பக்கம் மாறிப் போயிருந்தது. சில இணையச் சேவை நிறுவனங்கள் விளம்பரம் சேர்த்திருந்தன. பெரும்பாலான மாற்றங்களைச் செய்தவை பயனர்களே தங்கள் கணினியில் நிறுவியிருந்த தடுப்பு மென்பொருள்கள். பாதுகாப்புக்கு என்று நிறுவியவை பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தன.

எச்.டி.டி.பி.எஸ். பரவிய பிறகு நடுவழியில் எவரும் பக்கத்தைத் திறந்து எழுதுவது அரிதாகிவிட்டது. மறையாக்கம் செய்த பதிலை வழியில் உள்ளவர்களால் படிக்கவும் முடியாது, மாற்றினால் உலாவி கண்டுகொள்ளும். ஆனாலும் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. சர்வருக்கு முன்னால் நிற்க நாமே அமர்த்தும் உள்ளடக்க விநியோகச் சேவை மறையாக்கத்தை அவிழ்த்துத்தான் வேலை செய்கிறது, விரும்பினால் தன் நிரலைச் சேர்க்கவும் முடியும். உலாவியில் நாம் நிறுவும் நீட்சிகள், பக்கம் வந்து இறங்கிய பிறகு அதை மாற்றுகின்றன. நீட்சிகளெல்லாம் அணைந்த புதிய சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்தால் இந்த இரண்டாவது வாசலைச் சோதித்துவிடலாம்.

ஒவ்வொரு கையிலும் எண்ணுவது

இதுவரை பார்த்தவற்றை ஒரு வரிசையில் கட்டலாம். எங்கோ ஒரு கை சேர்க்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பைட்டுகளை எண்ணினால், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து எந்த இடத்தில் உயர்கிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான்.

முதலில் சர்வரில் கோப்பின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்து, சர்வருக்குள்ளிருந்தே உலாவி இல்லாமல் அந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் வளர்த்துவரும் கர்ல் என்ற கருவி இதற்கு ஏற்றது. அது மரம் எதையும் கட்டுவதில்லை, வந்த தலைப்புகளையும் பைட்டுகளையும் அப்படியே தருகிறது. பிறகு அதே கருவியால் வெளியிலிருந்து கேட்க வேண்டும். கடைசியாகத்தான் உலாவியின் மூலமும் ஆய்வுப் பலகமும். பைட்டுகளைக் கண்ணால் பார்ப்பதைவிட எண்களாக அச்சிட்டுப் பார்ப்பது நம்பகமானது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியாததும் எண்ணுக்குத் தெரியும். இந்த வரிசையைப் பின்பற்றுகிறவருக்கு நிரலை ஊகத்தால் மாற்றி மாற்றிப் பார்க்கும் வேலை மிச்சம்.

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிரல் எழுதக் கற்பிக்கிறோம். நிரல் ஓடும் இடத்தைச் சோதிக்கக் கற்பிப்பது குறைவு. வாழ்த்துச் செய்தி ஒன்றைத் திரையில் காட்டுவதுதான் எந்தப் பாடத்திலும் முதல் பயிற்சி. அதற்கும் முன்னால் வெற்றுக் கோப்பைக் கேட்டு, என்ன வருகிறது என்று எண்ணிக் குறித்து வைக்கும் பயிற்சி ஒன்று இருக்க வேண்டும். சர்வர் புதிதாகக் கைக்கு வரும் நாளில் அந்தக் கணக்கை எழுதி வைத்தால், பின்னொரு நாள் பக்கத்தில் அந்நிய வரி ஒன்று தோன்றும்போது, அது முதல் நாளிலிருந்தே இருந்ததா, நேற்று வந்ததா என்று உடனே சொல்லலாம். ஊடுருவலைப் பிடிப்பதற்கும், வீணாக ஒரு மாணவரின் நிரலைப் பழிக்காமல் இருப்பதற்கும் அந்த ஒற்றைக் குறிப்பு உதவும். தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் அதோடு இன்னொன்றையும் செய்ய வேண்டும்: தாம் சேமித்த கோப்பின் முதல் மூன்று பைட்டுகளைப் பார்ப்பது. 239, 187, 191 அங்கே இருந்தால் குறியில்லாத யு.டி.எஃப்.-8 முறையில் மீண்டும் சேமித்துவிட்டு வேலையைத் தொடரலாம்.